ஆழிக்குமரர்

ஆழி என்பது ஒரு சொல். அதன் பொருள் பல. கடல் ஆழி, சக்கரம் ஆழி, விரலில் இடும் மோதிரமும் ஆழி. வகுப்பிலே 'பலபொருள் ஒருசொல்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவது எம்போன்ற ஆசிரியர் வழக்கம். நிகண்டு படித்தவருக்கு அது ஒரு செய்தி, அவ்வளவே. ஆனால் அந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் தம் உடம்பைக்கொண்டே விளக்கிக் காட்டிவிட்டுப் போன ஒருவர் நம் நாட்டிலே இருந்தார்.

வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் அவர். தொழிலால் வழக்கறிஞர். 1971ஆம் ஆண்டிலே பாக்குநீரிணையை நீந்தி இந்தியக் கரையைத் தொட்டார். தொட்ட கையோடு திரும்பவும் நீரில் இறங்கி இலங்கைக் கரைக்கு வந்து சேர்ந்தார். போகவும் வரவும் 51 மணித்தியாலம். அவருக்கு முன்னே, 1954இல், தொண்டைமானாற்று மு. நவரத்தினசாமி அதே நீரிணையை ஒரு வழியாக நீந்திக் கடந்து, அது மனிதனால் ஆகும் என்று காட்டியிருந்தார். ஆனந்தனோ போன வழியே மீண்டதனால் மக்கள் அவரை 'ஆழிக்குமரன்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். கடலை நினைத்துத்தான் அப்பெயரை இட்டார்கள். பெயரிட்டவர்கள் நினையாத மற்றைப் பொருள் எட்டு ஆண்டு கழித்து வந்து அந்தப் பெயருக்குள்ளே தானாக அமர்ந்துகொண்டது.

1979 மே மாதம் 2ஆம் நாள் முதல் 10ஆம் நாள் வரை, கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவிலே, ஆனந்தன் ஒரு துவிச்சக்கரவண்டியில் ஏறிச் சுற்றத் தொடங்கினார். இடைவிடாத ஓட்டம் என்றால் சக்கரம் நிற்றலாகாது. 187 மணித்தியாலம் 28 நிமிடம் அவர் சக்கரம் நிற்கவில்லை. நாட்கணக்கிற் சொன்னால் ஏழு நாளும் ஏறக்குறைய இருபது மணித்தியாலமும். அவ்வளவு நேரத்தில் 1,487 மைல் சுற்றினார். நம் தீவின் கரையோரத்தின் நீளம் ஏறக்குறைய 1,340 கிலோமீற்றர் என்பர். அந்த மைற்கணக்கைக் கிலோமீற்றராக்கினால், தீவை ஒன்றேமுக்கால் தடவை சுற்றியதாகும். ஒரு பூங்காவை விட்டு வெளியேறாமலே!

இதில் வேகம் என்று பார்த்தால் பெரிதொன்றுமில்லை. மணித்தியாலத்துக்கு எட்டு மைல். எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் மணியடிக்கும் நேரத்தில் அதைவிட வேகமாய் வருவார்கள். வென்றது வேகத்தை அன்று, உறக்கத்தை. எட்டு இரவு கண்ணிமை மூடும், கை தளரும், தளர்ந்தால் வண்டி சாயும். ஈருருளி ஓடினால் நிற்கும், நின்றால் விழும். அதன்மேல் உறக்கத்தோடு போரிடுவது, நின்ற இடத்தில் உறக்கத்தோடு போரிடுவதிலும் கடிது.

இவ்வாறு அவர் செய்தவை இன்னும் பல. ஒற்றைக்காலில் 33 மணித்தியாலம் நின்றார். 1981இல் சென்னை அண்ணா நீச்சற்குளத்திலே நீரை மிதித்துக்கொண்டு 80 மணித்தியாலம் இருந்தார். கின்னஸ் சாதனைப் புத்தகம் அவர் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதியது. ஒற்றைக்காலில் நிற்பதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்பவர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அக்கேள்வியை நான் இகழ்பவனல்லன். நம் புராணங்களிலே ஒற்றைக்காலில் நின்றவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வரத்தைக் கேட்டு நின்றார்கள். பகீரதன் கங்கையைக் கேட்டான். இவர் ஒன்றும் கேட்டாரில்லை. அதுவே பலருக்கு விளங்காமற் போயிற்று. 1984 ஓகஸ்ட் 6ஆம் நாள், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியிலே அவர் உயிர் நீங்கிற்று. வயது 41.

ஆனந்தனுக்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுக்கு முன்பு, பம்பாயிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டது. பார்சி இளைஞர் அறுவர், 1923 ஒக்ரோபர் 15ஆம் நாள், சைக்கிளில் உலகைச் சுற்றிவரக் கிளம்பினார்கள். ஆதி ஹகீம், ஜால் பபசோலா, ருஸ்தம் பும்காரா என்னும் மூவரே சுற்றி முடித்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். நாலரை ஆண்டில் 44,000 மைல். பாரசீகத்தையும் மெசொப்பொத்தேமியாவையும் சீனாய்ப் பாலையையும் அவர்கள் கடந்தது இக்காலத்துக் கியர் வைத்த வண்டியில் அன்று. பிரான்சு நாட்டிலே இதற்கும் முந்திய ஒரு மரபு உண்டு: பாரிசிலிருந்து பிரெஸ்ற் என்னும் கடற்கரை நகருக்குப் போய் மீளும் ஓட்டம். 1891இல் பந்தயமாகத் தொடங்கியது, இன்று நாலாண்டுக்கு ஒரு முறை நடைபெறுகிறது. 1,200 கிலோமீற்றரை 90 மணித்தியாலத்துள் முடித்தால் போதும்; முதலில் வந்தவருக்கென்று தனிப் பரிசு கிடையாது.

இத்தகையோர் கதையை ஏட்டிலே படிப்பது வேறு. வாய்ச்சொல்லாகக் கேட்பது வேறு. கேட்கும் வாய்ப்பு எனக்கு வாய்த்ததற்குக் காரணம் எங்கள் ஊர் இருக்கும் இடம்.

தில்லையடி என்றதும், தென்னாபிரிக்க அறப்போரில் உயிர் கொடுத்த வள்ளியம்மையின் முன்னோர் ஊரைச் சிலர் நினைப்பர். அது தமிழ்நாட்டிலே தரங்கம்பாடிக்கு அணித்தாய் உள்ளது. இது இலங்கையின் மேற்குக் கரையில், புத்தளம் நகருக்கு அணித்தாய், களப்பின் ஓரமாய்க் கிடப்பது. தில்லை என்பது உவர்நீர்க் கரைகளில் வளரும் ஒரு மரம். அதன் பால் கண்ணிற் பட்டால் கண் கெடும் என்று பெரியோர் எச்சரிப்பர். அம்மரத்தின் அடியே ஊரின் பெயராயிற்றுப் போலும். உப்பளக் காற்றும், வீதியின் நடுவே நின்று தத்துவம் சிந்திக்கும் கழுதைகளும் இப்பகுதியின் அடையாளங்கள். கொழும்பிலிருந்து வடக்கே போகும் வீதி எங்களைத் தொட்டுக்கொண்டே போகிறது. ஆகவே, தீவைச் சுற்றிவரும் சைக்கிள் பயணி எவரும் எங்களைத் தவிர்த்துப் போக முடியாது.

அவர்கள் நிற்கும் இடம் ஒரு சைக்கிள் திருத்தும் கடை. கூரைத் தகட்டின் கீழே பழைய ரயர்கள் மாலைபோல் தொங்கும். 2022இலே பெற்றோலுக்கு நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களை எல்லாரும் தட்டி எடுத்துக்கொண்டு வந்தது அந்தக் கடைக்குத்தான். என் வண்டியும் அங்கே போயிற்று. அன்றுமுதல் மாலைவேளையில் அக்கடை வாங்கில் அமர்வது எனக்கு வழக்கமாயிற்று. இலக்கணம் பேச ஆளில்லாத இடத்தில் மௌனமாய் இருப்பதும் ஒரு சுகமே.

அந்த வாங்கில் எனக்கு முன்பே இடம் பிடித்திருப்பவர் ஒருவர். வயது அறுபதைக் கடந்தவர். நான் அவரை நானா என்பேன். அவர் என்னை மாஸ்டர் என்பார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டமையால் எழுதவில்லை. யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவிலே பிறந்தவர். 1990 ஒக்ரோபர் 30ஆம் நாள், இரண்டு மணித்தியாலத்துள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கட்டளையிட்டபோது, தாயாரைக் கைப்பிடித்து வெளிக்கிட்டவர். அந்த மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர். அவர்களிற் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கு. தில்லையடியின் தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. அக்கொட்டில்களில் ஒன்று நானாவினுடையது. இன்று அது கல்வீடு. பேரப்பிள்ளைகள் முற்றத்தில் விளையாடுகிறார்கள்.

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், பின்சில்லிலே இரண்டு கம்பி அறுந்த ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓர் இளைஞர் கடைக்கு வந்தார். ஊர் மட்டக்களப்பு. கணக்காளர் ஒருவரின் கீழ் வேலை. ஆண்டு லீவு முழுவதையும் ஒன்றாய் எடுத்துக்கொண்டு தீவைச் சுற்றக் கிளம்பியிருக்கிறார். பொத்துவில், அம்பாந்தோட்டை, காலி, கொழும்பு வழியாக இதுவரை வந்தாயிற்று. இனி மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலை; பிறகு வீடு. திருத்துபவர் சில்லைக் கழற்றிக் கம்பி கோக்கத் தொடங்கினார். அது ஒரு மணித்தியால வேலை. இளைஞர் எங்கள் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடுவீர்கள், தம்பி?" என்றார் நானா.

"நூற்றிருபது, சில நாள் நூற்றைம்பது கிலோமீற்றர், ஐயா."

"உங்களை யாரும் துரத்துகிறார்களா?"

"இல்லையே!"

"பிறகு ஏன் இவ்வளவு அவசரம்?"

இளைஞர் வாய்விட்டுச் சிரித்தார். நானாவும் சிரித்தார். கேள்வி எங்கிருந்து வந்தது என்பது இளைஞருக்கு அப்போது தெரியாது.

சிரிப்பு ஓய்ந்தபின் நான் என் கேள்வியைக் கேட்டேன். எதற்காக இந்தப் பாடு? இளைஞர் உடனே விடை சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது. ஆயத்தமாய் வைத்திருக்கும் விடை பெரும்பாலும் பிறர் சொன்ன விடையாயிருக்கும். பிறகு சொன்னார்: "முதல் நாள் அலுவலக நினைவு வரும். இரண்டாம் நாள் இடுப்பு நோவும். மூன்றாம் நாள் உள்ளங்கை மரத்துப்போகும். நாலாம் நாளிலிருந்து வீதியையும் காற்றையும் தவிர வேறு நினைவு வராது. அந்த நாலாம் நாளுக்காகத்தான் வருகிறேன், சேர். அம்மாவுக்கு இது விளங்காது. 'சும்மா இருக்கிற உடம்பை ஏன் வருத்துகிறாய்' என்று கேட்பார்." இரவிரவாய் ஓடிய ஒரு பயணத்தில், வீதியோரத்து மரமெல்லாம் மனிதர் வரிசையாய் நிற்பதுபோல் தோன்றியதையும், ஒரு மரத்துக்கு வழி விடச் சொல்லி மணியடித்ததையும் சொன்னார். என்றோ ஒரு நாள் அந்தப் பாரிஸ் ஓட்டத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். பசிக்கு முன்னே உண்ண வேண்டும் என்றும், இல்லையென்றால் தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரை தீர்ந்து உடம்பு திடீரெனக் கைவிட்டுவிடும் என்றும் விளக்கினார்.

"அது எனக்குத் தெரியும்," என்றார் நானா. "அதற்காகத்தான் இடுப்பில் பனங்கட்டி முடிந்து வைத்திருப்பேன்."

"நீங்களும் தூரம் ஓடியிருக்கிறீர்களா, ஐயா?"

நானா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

இடம்பெயர்ந்து வந்த அடுத்த ஆண்டு அவர் மீன் விற்கத் தொடங்கினார். முதலில் நாள் வாடகைக்கு எடுத்த சைக்கிள். பிறகு சொந்தச் சைக்கிள். விடியுமுன் களப்புக்கரைக்குப் போய், ஓரா, திரளி, சூடை, கிடைத்ததை எடுத்து, கரியரிலே கட்டிய மரப்பெட்டிக்குள் ஐஸ் போட்டு அடுக்கி, கிழக்கே சிங்களக் கிராமங்களுக்குள் ஓட வேண்டும். பெட்டியும் மீனும் ஐசுமாக ஐம்பது கிலோவுக்குக் குறையாது. "மாலு! மாலு!" என்று கூவிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாய்ப் போவார். சிங்களம் பேசக் கற்றது அப்படித்தான்; முதலிற் கற்றது மீன் பெயர், பிறகு எண், பிறகு கடன் சொல்லுவோரின் சாட்டுகள். மீனுக்கு நேரம் உண்டு. பத்து மணிக்கு மேல் ஐஸ் உருகும். உருகினால் விலை உருகும். ஆகவே சக்கரம் நிற்றலாகாது. சில பருவத்தில் அந்தியில் திரும்பும்போது யானை நிற்கும் வளைவுகளைத் தெரிந்து ஓட வேண்டும். இப்படி இருபத்தேழு ஆண்டு. முழங்கால் தேய்ந்ததனாலும், மோட்டார்ச் சைக்கிள் வைத்தோர் அதே கிராமங்களுக்கு முன்னதாய்ப் போய்விட்டதனாலும் 2018இல் நிறுத்தினார்.

ஆசிரியன் கையில் பென்சிலும் பழைய வினாத்தாளும் இருந்தால் கணக்குப் பண்ணாமல் இருக்க முடியாது. நாளுக்கு நாற்பது கிலோமீற்றர் என்று குறைத்தே வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஓய்வு, மழையும் நோயும் பெருநாளும் கழித்து ஆண்டுக்கு 300 நாள். இருபத்தேழு ஆண்டுக்கு 3,24,000 கிலோமீற்றர். பூமியின் இடைவட்டம் ஏறக்குறைய 40,000 கிலோமீற்றர். ஆகவே எங்கள் நானா உலகை எட்டு முறை சுற்றியவராகிறார். பம்பாய் இளைஞர் மூவரும் நாலரை ஆண்டில் ஓடிய தூரத்தைப்போல நாலரை மடங்கு. சந்திரனுக்குப் போவதென்றால் இன்னும் அறுபதினாயிரம் கிலோமீற்றர்தான் பாக்கி. இதைச் சொன்னதும் கடைக்காரர் சாவியைக் கீழே வைத்துவிட்டு நானாவைப் புதிதாய்ப் பார்த்தார். நானாவோ, "சந்திரனில் மீன் யார் வாங்குவார்?" என்றார்.

தாள் என்பதும் பலபொருள் ஒருசொல்லே. தாள் என்றால் கால். தாள் என்றால் முயற்சி. காலையும் முயற்சியையும் ஒரே சொல்லால் குறித்த மக்கள் நாம். தாளாண்மை என்பது, விடாமுயற்சிக்குத் தமிழர் இட்ட பெயர். வள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்திலே அச்சொல்லை ஆள்கிறார். உரைகாரர் அதற்கு முயற்சி என்று பொருள் கூறி அப்பாற் செல்வர். மீன்பெட்டியோடு ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும் ஒருவரைப் பார்த்தவனுக்கு அச்சொல்லுக்கு உரை வேண்டுவதில்லை.

இளைஞர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு நான் எதிர்பாராத ஒரு வினாவைக் கேட்டார்.

"அந்த இருபத்தேழு ஆண்டில் உங்கள் விருப்பத்துக்காக எங்கேயாவது ஓடியதுண்டா, ஐயா? மீன் இல்லாமல்?"

"ஒரேயொரு தரம்," என்றார் நானா.

2002இலே சமாதான உடன்படிக்கை வந்தது. ஏப்ரல் மாதம் யாழ்ப்பாணம் வரைக்கும் கண்டிவீதி திறந்தது. இங்கிருந்தும் மக்கள் பஸ்ஸிலும் வானிலும் தங்கள் வீடு வளவைப் பார்க்கப் போனார்கள். நானா சைக்கிளிற் போனார். "பஸ்ஸுக்குக் கொடுக்கக் காசில்லை என்று வீட்டிலே சொன்னேன். அது பொய். காசு இருந்தது. வவுனியா வரைக்கும் உம்மாவோடு நடந்து வந்த வழி அது. பஸ்ஸின் கண்ணாடிக்குள்ளிருந்து அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை."

அவ்விடத்திலே நான் என்றால், வீடு எப்படி இருந்தது என்றுதான் கேட்டிருப்பேன். யாரும் அதைத்தான் கேட்பார்கள். இளைஞர் கேட்டது வேறு.

"எந்த மாதம், ஐயா? காற்று எந்தப் பக்கம்?"

நானாவின் முகம் மாறியதை நான் கண்டேன். முதுகை நிமிர்த்தி அமர்ந்தார். "ஆடி மாதம். சோழகம். போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளியது, தம்பி. திரும்பும்போது அதே கையை நெஞ்சில் வைத்துத் தடுத்தது."

"எத்தனை நாள்?"

"போக நாலு நாள். முதல் இரவு அநுராதபுரத்திலே பள்ளிவாசலில். அடுத்தது வவுனியாவில் சொந்தக்காரர் வீடு. மூன்றாவது கிளிநொச்சியில், ஒரு கடை விறாந்தையில்."

"ஓமந்தையில் நிறைய மறித்தார்களா?"

"அங்கேயும் மறித்தார்கள், அதற்கு அங்காலே மற்றவர்களும் மறித்தார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பெட்டிக்குள் ஒன்றுமில்லை. ஆனால் மீன் மணம் போகுமா? ஒருவன் முகர்ந்து பார்த்துவிட்டு, 'போங்கள், போங்கள்' என்றான்."

"கம்பி, ரியூப்?"

"ஆனையிறவுக்கு இப்பால் ஒரு முள். வீதியை விட்டு இறங்கக்கூடாது. இரண்டு பக்கமும் மிதிவெடி. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. சலம் கழிக்கவும் தார் வீதியை விட்டு இறங்க முடியாது. நடுவீதியில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒட்டினேன். வாகனங்கள் சுற்றிக்கொண்டு போயின. முகமாலைப் பக்கம் பனைக்குத் தலையில்லை. நிழல் இல்லாத வீதி. காற்று ஒன்றுதான் துணை."

இப்படியே நெடுநேரம். எந்த இடத்தில் வீதி குழி, எந்த இடத்தில் தண்ணீர் கிடைத்தது, பெட்டியைக் கழற்றாமற் போனது ஏன் (கழற்றினால் வண்டி இலேசாகி ஆடுமாம், பதினோர் ஆண்டில் அந்தப் பாரமே அவருக்குச் சமநிலை), எத்தனை மணிக்கு எழுந்தார் என்றெல்லாம் இளைஞர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வித்துவான் இன்னொரு வித்துவானிடம் பாடபேதம் கேட்பதுபோல் இருந்தது அது. நானா சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடந்த முப்பது ஆண்டுக்கு மேலாகத் தில்லையடிக்குக் குறிப்புப் புத்தகத்தோடு வந்தவர் எத்தனையோ பேர். அரச அதிகாரிகள், பத்திரிகையாளர், ஆராய்ச்சி மாணவர், தொண்டு நிறுவனத்தார். காணி எத்தனை பரப்பு, நகை எத்தனை பவுண், வீடு கல்லா மண்ணா, கடையில் முதல் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அவை கேட்கப்படவேண்டிய கேள்விகள். கேட்டதனால் இன்னும் முழு நீதி வந்துவிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்தப் படிவங்களிலே காற்றுக்கு ஒரு நிரல் கிடையாது. இழந்தவர் என்று எழுதப்பட்ட மனிதர், எழுதப்பட்ட அன்றிலிருந்து இழந்தவராகவே இருக்க வேண்டியதாகிறது. அவர் மிதித்த தூரத்தை ஒருவரும் கேட்பதில்லை. கரை கடந்தவனைக் கேட்கிறோம், எத்தனை மணித்தியாலம் என்று. துரத்தப்பட்டவனைக் கேட்கிறோம், எத்தனை பவுண் என்று.

வீட்டின் கதையைக் கடைசியில் நானாவே சொன்னார், ஒருவரும் கேளாமல். கூரை இல்லை, கதவு நிலைகளையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். சுவர் நின்றது. வாயிற்பக்கச் சுவரிலே, சிறுவயது முதல் அவர் சைக்கிளைச் சாத்தி வைத்த இடத்தில், ஹாண்டில் உரசி உரசிச் சுண்ணாம்பு தேய்ந்த ஒரு வடு இருந்தது. அதே இடத்தில் இந்தச் சைக்கிளைச் சாத்தினார். பொருந்தவில்லை. இதன் ஹாண்டில் வடுவுக்கு நாலு விரல் மேலே நின்றது. "பழையது சின்னச் சைக்கிள்," என்றார். "இது பாரத்துக்கு எடுத்தது."

அங்கே ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாட்காலையில் எதிர்காற்றில் திரும்பினார். அடுத்த கிழமை மீனுக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளைகள் தில்லையடிப் பாடசாலையிலே படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிற் சிலருக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். 2006இல் அந்த வீதி மீண்டும் மூடியது. போர் முடிந்து அது திறந்தபின் நானா இரண்டு தரம் யாழ்ப்பாணம் போனார், பஸ்ஸில்.

சில்லு ஆயத்தமாயிற்று. கடைக்காரர் அதைச் சுழற்றிக் காட்டினார். கோணல் இல்லாமல் நேராய் ஓடியது. இளைஞர் காசு கொடுத்துவிட்டு, ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்து, தம் பயணக் கணக்குக்குக் கீழே ஒரு கோடு கிழித்து, '2002 ஆடி, தில்லையடி – யாழ்ப்பாணம், 4 நாள், தென்காற்று' என்று எழுதினார். பெயர் கேட்டார். நானா வேண்டாம் என்றார். "மீன்பெட்டியோடு என்று எழுதுங்கள், போதும்." எழுதினார்.

"நீங்கள் எந்தப் பக்கத்தால் யாழ்ப்பாணத்துக்குள் போவீர்கள்?" என்று நானா கேட்டார்.

"மன்னாரிலிருந்து பூநகரி போய், சங்குப்பிட்டிப் பாலத்தால், ஐயா."

அந்தப் பாலம் 2011இலே திறக்கப்பட்டது. நானா அதைக் கண்டதில்லை. பஸ் அவரைக் கொண்டுபோனது கண்டிவீதியால். பாலத்தில் காற்று எப்படி, ஓரத்தில் சைக்கிளுக்கு இடம் உண்டா, பூநகரிப் பக்கம் தண்ணீர் கிடைக்குமா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வதாக இளைஞர் கூறி, கடைக்காரரின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு சோழகம் முதுகில் கை வைக்க, புத்தளத்துப் பக்கம் போனார். கழுதை ஒன்று அவருக்கு வழி விட்டது. அது எங்கள் ஊரிலே அரிதான மரியாதை.

நானா வாங்கை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் சாமான்களைத் துடைத்து உள்ளே வைக்கத் தொடங்கினார். மேலே தொங்கிய ரயர்களைப் பார்த்துக்கொண்டிருந்த நானா, "பின்ரயர் ஒன்று இப்போது என்ன விலை?" என்றார்.

கடைக்காரர் சொன்னார்.

"கூடத்தான்," என்றார் நானா. சிறிது நேரம் கழித்து, "பெட்டி இல்லாமல் ஓடினால் மற்ற இனம் போதுமே, அது என்ன விலை?" என்றார்.